கண்ணை மூடியதற்கு விளக்கக் கடிதம்

அவனியாபுரத்துத் தமிழ்வாணியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அப்படிப்பட்டவள் நாலு வருஷமாக வாயே திறக்காமல் பார்த்த வேலை, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கேமரா பார்க்கும் வேலை. கூலிக்குப் போகும் புருஷனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வீடு ஓடியது இவள் சம்பளத்தில்.

மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. திரையில் முப்பத்திரண்டு கட்டம். எவர் எந்தச் சேலையைச் சுருட்டி மடியில் வைக்கிறார் என்று காலையிலிருந்து கடை சாத்தும் வரை கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். மிஷின் சூடாகக் கூடாதென்று ஏசி. அந்தக் காற்று நேராக அவள் முகத்தில். மிஷின் மேல் இருந்த கரிசனம் மனுஷி மேல் இல்லை.

மாசி மாதம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி உறுத்தல். பஸ் போர்டு கலங்கித் தெரிந்தது. கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, “நீங்க கண்ணைச் சிமிட்டுறதே இல்லைம்மா. ஈரம் காஞ்சு போச்சு” என்றார். “சொட்டு மருந்து மட்டும் போதாது. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் கண்ணை மெதுவா மூடி ரெண்டு எண்ணுங்க. தொறந்து, மறுபடி மூடி, லேசா இறுக்கி ரெண்டு எண்ணுங்க. அஞ்சாறு தடவை செய்யணும். காத்து முகத்துல படக் கூடாது. இப்படியே விட்டா கருவிழி புண்ணாயிடும்.”

கண் சிமிட்டச் சொல்லித்தர ஒரு டாக்டர்! பச்சைப்பிள்ளைக்கே தெரிந்ததை மறக்கடித்த வேலை என்ன வேலை என்று பஸ்ஸிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் கைலாசநாதனிடம் டாக்டர் சீட்டைக் கொடுத்து, ஏசியைத் திருப்பி வைக்கச் சொன்னாள். “பாப்போம்” என்றார். பார்த்தது வேறு. நாலாம் நாள் அவளைக் கீழே கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும் தன் போனை நீட்டினார். அவள் தலைக்கு மேல் இருந்த கேமரா, அவள் கண் மூடியதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது.

“சம்பளத்த வாங்கிட்டுத் தூங்குறியாம்மா?”

“தூங்கல சார். டாக்டர் சொன்ன பயிற்சி. சீட்டு குடுத்தேன்ல?”

“கண்ண மூடுறதுக்கு ஒரு பயிற்சியா! மீனாட்சி ஊரும்மா இது. மீனு என்னைக்காவது கண்ண மூடுமா? காவல்னா அப்படி இருக்கணும். தூங்கினேன், மன்னிக்கணும்னு எழுதிக் குடு. இல்லைன்னா நாளைக்கு வராத.”

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நாலு வருஷம் பூட்டி வைத்த வாய் திறந்தது.

“மீனு தண்ணிக்குள்ள கெடக்கு சார். என்னைய ஏசிக் காத்துல காயப் போட்டிருக்கீங்க. காத்துல காயுற மீனுக்குப் பேரு கருவாடு!”

சிரிப்பு நின்றது. அவர் முகம் சிவந்து, காகிதத்தை மேஜையில் தள்ளினார். தமிழ்வாணி பேனாவை எடுத்தாள். வேலை போனால் வேறு கடை ஏறி இறங்கலாம். கண்ணை எந்தக் கடையில் வாங்குவது? எழுதினாள்:

‘தூங்கவில்லை. கண்ணை மூடினேன். நாளையும் மூடுவேன்.’

கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறினாள். ஒரு சேலைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, நாற்காலி மேல் ஏறி, காற்று வரும் வாயில் டேப் போட்டு ஒட்டினாள். பிறகு உட்கார்ந்து, மேனேஜருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தலைக்கு மேல் இருந்த கேமராவுக்கு நேரே முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, ரெண்டு எண்ணினாள்.