தொண்ணூற்றொன்று பகா எண் அல்ல

போடியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நான் படித்தது தமிழ். கணக்குக்கு ஆள் இல்லை என்று ஒரு வருடம் மட்டும் எடுக்கச் சொன்னார்கள், பதினோரு வருடமாகிவிட்டது.

போடிமெட்டுக்கு மேலே என் கணவரின் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. சாரல் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர், ஜீப்பில் வந்திறங்கிய ஏலக்கன்றுகளைப் பையோடு மரத்தடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தனைக்கா வந்திருக்கு?”

“தொண்ணூத்தியொண்ணு டீச்சர்.”

“அப்ப வரிசை சரியா வராதே. அது எதாலயும் வகுபடாத எண்ணு. கடைசி வரிசை கொறையும்.”

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்கியதைத் திரும்பிப் பார்த்தார். “கொறையலையே டீச்சர். ஏழு ஏழா வச்சேன், பதிமூணு வரிசை. சரியாத்தேன் இருக்கு.”

சிரித்துக்கொண்டேதான் எண்ணத் தொடங்கினேன். பதிமூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு பத்து எழுபது, ஏழு மூன்று இருபத்தொன்று. தொண்ணூற்றொன்றேதான்.

பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சின்ன வயதில் நானே கத்திக் கத்தி ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அந்த எண்ணைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒன்றில் முடிகிறது, அதனால் இரண்டும் ஐந்தும் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் பத்து, மூன்றும் போகாது. ஏழாம் வாய்ப்பாட்டில் நான் எழுபதோடு நின்றுவிடுவேன். அவ்வளவுதான், பகா எண் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஜீப்பில் மலையிறங்கும்போது, வகுப்புச் சுவரில் நான் என் கையால் எழுதி ஒட்டிய அட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. நூறு வரை உள்ள பகா எண்கள், தொண்ணூற்றொன்றும் சேர்த்து. அதை விட்டுவிட்டு எழுதிய பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன்.

“என்ன டீச்சர், தல சுத்துதா?” என்றார் டிரைவர்.

“ஆமாண்ணே,” என்றேன்.

வீட்டுக்கு வந்து பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். இருபத்தைந்து எண்கள், தொண்ணூற்றொன்று இல்லை. பதினோரு வருடமாக அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். “தொண்ணூற்றொன்று பகா எண் இல்லை. ஏழு பெருக்கல் பதிமூணு. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்.”

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“தெரியும் டீச்சர். புக்குல இருக்கு. டியூசன்லயும் சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் பரீட்சையில பகா எண்ணுன்னு எழுதுன?”

“நீங்கதான டீச்சர் திருத்துவீங்க.”

அவள் முகத்தில் கேலி இல்லை. மற்றவர்களும் தலையாட்டினார்கள், ஏதோ பஸ் வந்துவிட்டதா என்று கேட்டது போல. மலையில் எனக்கு வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனக்காக ஒரு பதில், உண்மைக்கு ஒரு பதில் என்று முப்பது பிள்ளைகள் வைத்திருந்திருக்கிறார்கள்.

“வேற ஏதாவது இப்படி இருக்கா?” என்று கேட்டேன்.

மூன்று கைகள் உயர்ந்தன. ஒன்று, கை தூக்கிய பிள்ளையே தப்பாகப் புரிந்துகொண்டது. மற்ற இரண்டும் என் தப்புகள்.