கும்சாரி படித்த அக்கா

அந்தப் பெண் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மருதாணி பாதி அழிந்த விரல்கள். நகம் பதிந்த இடத்தில் அக்காவின் தோல் வெளுத்துப் போயிருந்தது. அமீரகத்தின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மருத்துவமனையில் நாங்கள் இருவரும் நர்சுகள். நான் தூத்துக்குடிக்காரி. அக்கா குளச்சல் பக்கம், என்னைவிட மூத்தவர். ஒரே ரூமில் தங்கியிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். ஓமானின் முசந்தம் மலைகளுக்கு அப்பால் படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, இந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். காய்ச்சலுக்குச் சேர்த்திருந்தார்கள். காலையில் தன் பிள்ளைகளைப் பற்றி அரபியில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மதியம் புதிய மருந்தை ட்ரிப்பில் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு மாறியது. அரபியும் இல்லை, உருதுவும் இல்லை. ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எகிப்திய டாக்டர் வந்து கேட்டார், அவருக்கும் விளங்கவில்லை. அவள் ஊசியைப் பிடுங்கப் போனாள். பயத்தில் திமிறுகிறாள் என்று நினைத்து, "மாஃபி முஷ்கில், ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே தோளைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தோம். அப்போது அக்காதான் அவள் கழுத்தைக் கவனித்தார். சிவந்து தடித்திருந்தது. உதடு வீங்கிக்கொண்டு வந்தது. ட்ரிப்பை நிறுத்தி, தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீராகும்வரை எங்கள் யாருக்கும் உயிர் உயிராக இல்லை. பிறகு வந்த அவள் கணவர், அது தங்கள் தாய்மொழி கும்சாரி என்றார். அக்கா தன் காதில் விழுந்த சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். கணவரின் முகம் மாறியது. "தொண்டை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்."

அதற்குப் பிறகு அக்கா எந்த நோயாளிக்கு ட்ரிப் போட்டாலும் உடனே நகரமாட்டார். கட்டிலருகில் நின்று கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரூமில் சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவார். "கண்ண மூடினா அந்த வார்த்ததான் கேக்குது பிள்ளே. அவ சொல்லிட்டேதான் இருந்தா. நமக்குத்தான் காது இல்லாமப் போச்சு."

அந்தச் சமயம் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க ஜெர்மன் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. பரீட்சை பாஸ் பண்ணினால் ஜெர்மனியில் வேலை, குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். சமையலறைச் சுவரிலும் குளியலறைக் கதவிலும் ஜெர்மன் சொற்களை ஒட்டியிருந்தோம். எங்களில் நன்றாக வந்தது அக்காவுக்குத்தான். ஊரில் கல்லூரியில் படிக்கும் மகளுக்காக அவரும் கனவு கண்டுகொண்டுதான் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்குக் கிளம்பும்போது அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"ஜெர்மன் போதும் பிள்ளே. நான் கும்சாரி படிக்கப் போறேன்."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். "அதுக்குப் பரீட்சை இருக்கா? சர்டிஃபிகேட் குடுப்பாங்களா?"

"ஒண்ணும் கிடையாது. பள்ளிக்கூடத்துலயே சொல்லிக்கொடுக்க மாட்டாவளாம். அந்தப் பொம்பளைக்க பிள்ளைகளே இப்ப அரபிலதான் பதில் சொல்லுதுவ."

"அப்பொறம் என்னத்துக்குக்கா? அவங்களுக்குத்தான் அரபு தெரியுமே."

"எனக்கும்தான் இங்கிலீஷ் தெரியும். மூச்சு முட்டும்போது எனக்க வாயில இங்கிலீஷ் வருமா? நீயே சொல்லு."

எனக்குப் பயம்தான் வந்தது. அப்போது காண்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே வேலை போனால் அக்காவுக்கு ஊரைத் தவிரப் போக இடமில்லை. ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதைத் தன் கையாலேயே சாத்துகிறாரே என்று இருந்தது. நான் தனியாக வகுப்புக்குப் போனேன். லீவு நாட்களில் அக்கா அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். முதலில் அவர் கேட்டதெல்லாம் வலி, மூச்சு, மயக்கம், வாந்தி. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அந்தப் பெண் தன்னையறியாமல் தொண்டையைத் தொட்டுக்கொள்வாளாம். கடைசியில் ஒருநாள், "எங்கள் பாஷையில் நோவுக்கு மட்டும்தான் வார்த்தை இருக்கிறதென்று நினைத்தாயா?" என்று அரபியில் கேட்டுச் சிரித்தாளாம். பிறகு மீன், காற்று, வலை, மருமகளைத் திட்டுவது என்று பேச்சு எங்கெங்கோ போயிருக்கிறது. இதைச் சொன்னபோது அக்காவும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நான் ஜெர்மன் பாஸ் பண்ணினேன். போகத் துணிவுதான் வரவில்லை. இப்போது ஷார்ஜாவில், முவைலாவில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். தொழிலாளர் கேம்பிலிருந்து வரும் நம் ஆட்கள் என் முகத்தைப் பார்த்ததும் "சுருக்கு சுருக்குன்னு குத்துது சிஸ்டர்" என்பார்கள். அதைக் கேட்கும்போது ஒரு நிம்மதி. யாராவது எனக்குத் தெரியாத மொழியில் முனகினால் இன்றும் பயம் வருகிறது. அக்கா அதே கிழக்குக் கரையில்தான் இருக்கிறார். காண்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டார்கள். அந்த மொழிக்காக அல்ல, ஆள் பற்றாக்குறை.

நான் அங்கிருந்து கிளம்புவதற்கு முன், அந்தப் பெண்ணைக் கடைசி முறையாகக் கொண்டுவந்தார்கள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அந்த முறையும் அரபு அவளை விட்டுப் போய்விட்டது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அக்காவிடம் ஏதோ கேட்டாள். சின்னக் கேள்விதான். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதைப் பார்த்தேன். முன்பு புரியாமல் பயந்தோம். இப்போது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முன்னதைவிட இதுதான் பயமாக இருந்தது. அக்கா கட்டிலருகே குனிந்தார். பிறகு தட்டுத்தடுமாறி நாலைந்து சொற்கள் சொன்னார். அந்தப் பெண் கண்களை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "என்னக்கா கேட்டாங்க?" என்றேன்.

"நான் சாகப்போறேனான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொய் சொல்லுத அளவுக்கு அந்தப் பாஷை எனக்கு வரல்ல பிள்ளே. 'தெரியல்ல. எனக்கும் பயமா இருக்கு. நான் இங்கதான் இருப்பேன்'னு சொன்னேன்."

குழாயடியில் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். அக்கா பதில் சொன்னார்.