வாயாடியின் விரல்கள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனாலும் அவனுடைய அக்கா அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. கை ஓயாமல் அப்படிப் பேசுவாள். தையல் கடையிலிருந்து வந்ததும், அன்று அளவு கொடுக்க வந்தவர்கள் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிய அழகையெல்லாம் நடித்துக் காட்டுவாள். சண்டை முற்றினால் அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். அவள் விடுவாளா, இமையை விரலால் பிரித்துவிட்டுத் திட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவள் சில மாதங்களாகக் காலையில் கையை மடியில் புதைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அக்காவை வீட்டில் தங்க அழைத்ததற்குத்தான் இந்தக் கோபம் என்று அவனாகவே முடிவு கட்டினான். அவனுக்கும் வீம்பு ஏறியது. அவள் பேசாதபோது தான் மட்டும் ஏன் வலியப் போய்ப் பேச வேண்டும் என்று அவனும் கையைக் கட்டிக்கொண்டான்.

ஒருநாள் சமையலறையில் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். பால் தரையெல்லாம் ஓடியது. பாக்கெட்டை வாங்கப் போனவனின் கை பட்டதும் துடித்துப் போனாள். விரல் மூட்டுகள் சிவந்து வீங்கியிருந்தன. அன்றே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் மூட்டுவாதம் என்றார். நோயை அடக்கும் மருந்து மெல்லத்தான் வேலை செய்யுமாம். அதுவரை வீக்கமும் வலியும் குறைய வேறொரு மாத்திரை எழுதினார்.

"இத வெறும் வயித்துல போடவே கூடாது. வயிறு எரிஞ்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ உடனே நிறுத்திட்டு வந்துடுங்க" என்றார்.

திருகாணித் தலையளவுகூட இல்லாத அந்த மாத்திரையை அவன் நம்பவில்லை. ஆனாலும் தினமும் அவள் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்த பிறகே எடுத்துக் கொடுத்தான்.

அந்த வாரக் கடைசியில், காலை வெளிச்சத்தில், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். சிக்கிக்கொண்ட எத்தனையோ கதவுகளைத் திறந்துவிட்டவன் அவன். இப்படி ஒன்று திறந்து பார்த்ததில்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்த வசவெல்லாம் இப்போது கொட்டப் போகிறது என்று ஆசையோடு எதிரே உட்கார்ந்தான்.

அவள் நிதானமாகக் கையை உயர்த்தினாள்.

"எனக்குத்தான் கை வரல. உங்க கை நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க ஏன் பேசல?"