தம்பி முகம் போட்ட டி-ஷர்ட்

என் தம்பி பாடிய பாட்டு வெளியான அன்று அதைக் கேட்டவர்கள் நானும் அம்மாவும், பனியன் கம்பெனியில் அவனோடு ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் பையன்களும்தான். யூடியூபில் ஏற்றிவிட்டு, சாப்பிடும்போதுகூடப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"சோறு ஆறுது, அதை வெச்சுட்டுத் தின்னு" என்று எரிந்து விழுந்தேன்.

"வியூஸ் மெதுவாத்தாக்கா ஏறும்" என்றான்.

ஏறத்தான் செய்தது. அதற்குள் அவன் போய்விட்டான். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்தவனைப் பல்லடம் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. பாட்டுப் பாடிய பையன் செத்துப்போனான் என்று யாரோ வீடியோ போட, ஊரே கேட்க ஆரம்பித்தது. சென்னையில் ஒரு ஆடியோ கம்பெனி பாட்டை வாங்கி மறுபடி வெளியிட்டது. பஸ்ஸில் அதுதான், டீக்கடையில் அதுதான், பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போதும் அதுதான். உயிரோடு இருந்தபோது இந்த ஜனங்களுக்குக் காதில் என்ன பஞ்சா இருந்தது? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "பெரிய ஹிட்டுங்கம்மா" என்று கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார். "அப்பிடீங்களா" என்றாள் அம்மா. அவன் கேட்டுக் குதித்திருக்க வேண்டிய சேதி அது.

ஹிட் ஆனால் அடுத்து டி-ஷர்ட்தானே. அருள்புரத்தில் நான் செக்கிங் பார்க்கும் கம்பெனிக்கே அந்த ஆர்டர் வந்து சேர்ந்தது. நெஞ்சில் தம்பி முகம், கீழே பாட்டின் முதல் வரி. எங்கள் சூப்பர்வைசர் சின்ன வயசு, நல்ல பையன்.

"அக்கா, நீங்க வேற டேபிளுக்குப் போயிக்குங்க. இதை வேற ஆளு பாக்கட்டும்."

"என்ற தம்பியை நான் பாக்காம வேற ஆரு பாக்கறது?"

செக்கிங் என்றால் பழுது தேடும் வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிண்ட் விலகல் எது இருந்தாலும், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். முதல் பீஸை விரித்தேன். சிரிப்பு அவனுடையதுதான். இடது தாடையில் இருந்த பெரிய மச்சத்தைத்தான் காணோம். கம்ப்யூட்டரில் முகத்தைச் சுத்தம் செய்த புண்ணியவான் அதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறான். சின்னதில் அவனைக் குளிப்பாட்டும்போது அழுக்கென்று நினைத்து நான் அதைத் தேய்த்துவிட, வீறிட்டு அழுவான்.

அந்த இடத்தில் அம்பை ஒட்டினேன்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தான். "என்ன டிபெக்டுங்க்கா?"

"மச்சம் இல்லை."

அவன் அப்ரூவ் ஆகி வந்த சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"சாம்பிள்லயும் இல்லீங்க்கா. இது ஓகே பீஸுதானுங்க."

பிரிண்ட் உரியாமல் மெதுவாக அம்பைப் பிய்த்து எடுத்தான். நான் சட்டையை மடித்து, தேறிய பீஸ்கள் போகும் பாஸ் பெட்டியில் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை விரித்தேன். அதிலும் இல்லை.