சந்தைக் கூரைக்கு இரண்டு கைகள்

செவ்வாய்க்கிழமை காலை, சுவிஸ் நகரமான பாடனுக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். மலர் அக்காவின் மகள் அழைத்து, "அம்மா போயிட்டா, மாமா" என்றாள். சனிக்கிழமை கடையை யார் திறப்பது என்று கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. அம்மாவும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்றாள்.

எங்கள் ஊரின் பழைய ஊர்மன்றத்தை அறிந்தவர்களுக்கு மலர் அக்காவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மரப்படி ஏறினால் சபை மண்டபம். கீழே கல்தூண்களுக்கிடையே, பக்கச் சுவரில்லாத சந்தை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் மேலே தரை துடைத்தோம். சனிக்கிழமைகளில் அவர் கீழே மரக்கறி விற்றார். கறிவேப்பிலையை வாங்கிப்போய்ப் பூச்சாடியில் வைத்த சுவிஸ் மூதாட்டி ஒருவரை, அடுத்த மாதமே அதைப் பருப்புக்குத் தாளிக்க வைத்தவர் அவர்.

ஒரு வருடம், தூண்களுக்கிடையே கண்ணாடி அடைத்து, சந்தையை அலுவலகமாக்க ஊர்ச்சபை திட்டமிட்டது. அக்கா கொதித்துப் போனார். "மழைக்கு ஒதுங்க வாறவனைக் கதவைத் தட்டச் சொல்லுறதோ?" என்று என்னிடம் கேட்டதை, சபைத் தலைவரிடம் சுவிஸ் ஜெர்மனிலும் கேட்டார்.

முடிவு ஊர்க் கூட்டத்தின் கையில் இருந்தது. இங்கே கையுயர்த்தித்தான் வாக்களிப்பார்கள். வாக்குரிமை இல்லாதவர்கள் உட்காரப் பின்னால் தனியே ஒரு நீள இருக்கை, ஒரு வாங்கு, உண்டு. அந்த ஆண்டுதான் எங்கள் இருவருக்கும் குடியுரிமை கிடைத்திருந்தது. வாக்கு அட்டையும் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் பழகிய கால்கள் நேரே அந்த வாங்குக்கே போயின. எத்தனை கூட்டங்களை அங்கிருந்து வேடிக்கை பார்த்திருப்போம். திட்டத்துக்கு எதிராகக் கையை உயர்த்தினோம். எண்ணுகிறவர் எங்கள் வரிசைக்கு வராமலே திரும்பிவிட்டார். ஒரே ஒரு வாக்கால் திட்டம் வென்றது.

நான் கையை இறக்கிவிட்டேன். வெட்கம். பெரிய சபையைக் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அக்கா எழும்பி, நாங்கள் பிழையான இடத்தில் இருந்துவிட்டோம், திரும்ப எண்ணுங்கள் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் அவரது அட்டையைப் பார்த்துச் சம்மதித்தார். அக்கா நடந்துபோய் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். நான் அசையவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"எழும்பி வாரும். என்ரை ஒரு கை மட்டும் காணாது."

போனேன். இரண்டு கைகள் கூடின. ஒரு வாக்கால் சந்தை தப்பியது. பாராட்ட வந்தவர்களை அக்கா கையமர்த்தினார். "பிழை விட்டதும் நாங்கள், திருத்தினதும் நாங்கள். உதுக்கென்ன கைதட்டு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சென்ற சனிக்கிழமை மகள் கடையைத் திறந்தாள். நான் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தேன். மழை பெய்தது. கடையில் எதுவும் வாங்காத நாலைந்து பேர் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றார்கள். பெட்டிகளை ஒதுக்கி அவர்களுக்கு இடம் விட்டேன்.

அடுத்த கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருப்பேன். அதில் இனித் தயக்கமில்லை. கைகளை எண்ணுவதற்கு முன், பின்னால் உள்ள வாங்கில் யாராவது அட்டையோடு இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். மலர் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.