பின்சீட்டில் ஒரு மூட்டை மணல்

இன்று காலை நான் மணல் திருடன் ஆகிவிட்டேன்.

(எழுதப் படிக்கத் தெரியாதவன். போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பிருந்தால் போனைத் திட்டுங்கள்.)

என் வீட்டுக்காரி போன ஐப்பசியில் இறந்துவிட்டாள்.

அதிலிருந்து விடிந்தால் நெஞ்சு அடைக்கிறது. வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் மனசுக்கு மாத்திரை தந்தார்கள், அதையும் முழுங்குகிறேன்.

ஆனால் பைக்கை எடுத்தால்தான் மூச்சு சீராகிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து வண்ணார்பேட்டை. ஒரு டீ. திரும்ப வீடு. வேறு வேலை கிடையாது.

இதில் ஒரு சிக்கல். எத்தனையோ வருஷம் அவளைப் பின்னால் வைத்தே ஓட்டியவன். பின்சீட்டு காலியாக இருந்தால் வண்டி துள்ளுகிறது, கூடவே நெஞ்சும் துள்ளுகிறது. ஒரு நாள் வீரவநல்லூர் வளைவில் விழுந்தே விட்டேன்.

அதனால் மணல் மூட்டை கட்டினேன்.

அவளுக்குக் கால் முடியாமல் போனபோது வீட்டோடு பாத்ரூம் கட்டினோம், அதில் மிஞ்சிய மணல். நான் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவன். தராசு வேண்டாம், அவள் கனம் கைக்குத் தெரியும்.

(அரிசி கட்டியிருந்தால் ரேஷன் அரிசி கேஸ் ஆகியிருக்கும்.)

இன்று சேரன்மகாதேவி தாண்டியதும் போலீஸ் செக்கிங்.

"ஓரமா நிப்பாட்டும்வே. மூட்டையில என்ன?" என்றார் எஸ்.ஐ.

"மணல் சார்."

"எங்கன அள்ளினீரு?"

"வீட்ல கிடந்தது சார்."

"எங்க கொண்டு போறீரு?"

"எங்கயும் இல்ல சார். திரும்ப வீட்டுக்கே கொண்டு போயிருவேன்."

"காலங்காத்தால விளையாடுதீரா? மணலுக்கு ஊர் சுத்திக் காட்டுதீரோ?"

வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துவிட்டேன். வண்டி போனால் நாளைக் காலையை எப்படிக் கழிப்பேன்? யாரிடமும் சொல்லாததை நடுரோட்டில் சொன்னேன்.

"பின்னால கனம் இல்லன்னா ஓட்ட வரல சார். எம் பொண்டாட்டி இருந்த இடம்."

எஸ்.ஐ. மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் கேட்டது, "வீட்ல வேற யாரு இருக்கா தாத்தா?"

"யாருமில்ல தாயி. மவன் துபாய்ல."

எஸ்.ஐ. மூட்டை வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளினார். "பெரியவரே, இது ஆத்து மணலு. உம்மள விட்டேன்னா, நாளைக்கு ஊர்ல உள்ளவன் பூரா பொண்டாட்டி செத்துட்டான்னு மூட்டையக் கட்டிட்டு வருவான். கேஸ் வேண்டாம். இங்கனயே தட்டிட்டுப் போங்க."

மூட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன். அந்தப் போலீஸ் பிள்ளை மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது. "பைய தாத்தா, பைய" என்றது.

ரோட்டோரம் சின்னக் குவியலாகக் கிடந்தது. பார்க்க முடியாமல் வண்டியைத் திருப்பினேன்.

திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டு துள்ளியது. பழைய பயம் ஏறியது. வண்டியை நிறுத்தி, மரத்தடியில் நின்று நின்றுதான் வீடு வந்தேன்.

நாளைக்கும் விடியும். நாளைக்கும் நெஞ்சு அடைக்கும்.

அதனால் கேட்கிறேன். காலையில் அம்பையிலிருந்து வண்ணார்பேட்டை போகிறவர்கள் யாராவது இருந்தால், பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். கையைக் காட்டுங்கள், ஏற்றிக்கொள்கிறேன். காசு வேண்டாம். பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம்.

சும்மா உட்கார்ந்து வந்தால் போதும்.

குண்டான ஆள் என்றால் ரொம்ப நல்லது.