வாங்க என்று சொல்லாத வீடு

2007 சித்திரை வரை, இருபத்து மூன்று வருடங்களில் குழந்தைவேல் காயில் கட்டிய மோட்டார்கள் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. வீட்டுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று கேட்டது ஒருமுறைகூட இல்லை.

திருமானூர் கடைத்தெருவில் வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி உட்கார வைப்பார்; அதுதான் காயில் கட்டுவது. ஒரு சுற்று கூடாது, குறையாது. அவர் கை பட்ட மோட்டாரை ஓடும் சத்தத்தை வைத்தே கொள்ளிடக்கரை விவசாயிகள் சொல்லிவிடுவார்கள். கூடவே, "நல்ல வேலைக்காரந்தான். மண்டைக்கொழுப்புத்தான் சாஸ்தி" என்றும் சொல்வார்கள்.

2003 ஆவணியில் அந்தக் கெட்ட பெயர் மகளின் கல்யாணப் பேச்சில் வந்து விடிந்தது. சுகன்யாவைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒன்பது பேர், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வேனில் வந்து இறங்கினார்கள். குழந்தைவேல் நாற்பத்தோராவது சுற்றில் இருந்தார். விட்டால் எண்ணிக்கை போய்விடும், தலை தூக்கவில்லை. முடித்து நிமிர்ந்தபோது ஒன்பது முகமும் சேர்ந்தாற்போல் அவரையே பார்த்தன. ஏதாவது பேசியாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "ஒங்க மோட்டாரு எத்தன எச்.பி.?" என்றார்.

காபியை யாரும் தொடவில்லை. சாயங்காலம் தரகர் வந்தார். "வாங்கன்னு ஒரு வார்த்த கேக்காத வூட்டுல எப்புடிப் பொண்ணு எடுக்கறதுன்னு கேக்கறாங்க."

மனைவி வேணி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு விளங்காதது ஒன்றுதான்: வந்தே விட்டவர்களை எதற்கு 'வாங்க' என்று கேட்க வேண்டும்?

சுகன்யா அழுதுகொண்டு உட்காரவில்லை. திருச்சிக்குப் போய்ச் சிறப்புக் கல்விப் பயிற்சியில் சேர்ந்தாள். பாடத்தில் ஆட்டிசம் வந்த அன்று, அந்தப் பக்கத்தில் பாதி தன் அப்பாதான் என்று அவளுக்குப் பட்டது. 2005 தையில், நாற்பத்தேழு வயது அப்பாவைத் திருச்சியிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் இரண்டு தடவை வரச்சொன்னார். வேணியையும் உட்கார வைத்து மணிக்கணக்கில் கேட்டார். கடைசியில், "ஒங்களுக்கு இருக்கறது ஆட்டிசம். நோய் இல்லைங்க. பொறந்ததுலேருந்தே நீங்க இப்புடித்தான்" என்றார்.

"இப்புடி வேற ஆளுங்க இருக்காங்களா?"

"நெறைய இருக்காங்க."

"எங்க?" என்றார் குழந்தைவேல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேணி மெதுவாகச் சொன்னார்: "இருவத்திநாலு வருசமா ஒங்களத் திமிரு புடிச்சவருன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

"நானும் அப்புடித்தான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் அவர்.

'எங்க' என்ற கேள்விக்குப் பதில் பெரம்பலூரில் கிடைத்தது. சுகன்யா வேலைக்குச் சேர்ந்த, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் கூட்டம் நடக்கும்; அப்பாவையும் கூட்டிப்போனாள். அங்கே குழந்தைவேலைப் போலவே, தனக்கு ஆட்டிசம் என்று வளர்ந்த பின் தெரிந்துகொண்ட ஒருவர் இருந்தார்: அரியலூர்க் காசிநாதன், சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் எழுத்தர்.

"இங்க 'வாங்க', 'சௌக்கியமா'ல்லாம் கெடையாது. வந்தது கண்ணுக்குத் தெரியுதுல்ல, ஒக்காருங்க" என்ற காசிநாதன், சட்டைப்பையிலிருந்து நத்தைபோல் சுருண்ட கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அரியலூர் மண் கடலாக இருந்த காலத்துக் கல். குழந்தைவேல் அதன் வரிகளை எண்ண ஆரம்பித்தார். அரைமணி நேரம் இருவரும் பேசவில்லை. பேசாமல் ஒரு மனிதர் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதே அவருக்குப் புதிது.

மூன்றாவது கூட்டத்தில் குஞ்சம்மாள் என்ற பெண் எழுந்து, மிக்ஸி போட்டாலே தன் மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதாகச் சொன்னார். யாரும் கேட்காமலே குழந்தைவேல் வாய் திறந்தார். "சத்தத்தக்கூடத் தாங்கிக்கலாம்மா. திடீர்னு ஆரம்பிக்குது பாருங்க, அதுதான் அடிக்கும். போடப்போறேன்னு சொல்லிட்டுப் போடுங்க." அடுத்த மாதம் குஞ்சம்மாள் நேராக அவரிடம் வந்தார். "இப்ப அவளே சுவிச்சப் போடறா அண்ணே." ஊருக்குப் போகும் வரை குழந்தைவேல் அதையே நாலு முறை காசிநாதனிடம் சொன்னார். காசிநாதன் நாலு முறையும் கேட்டார்.

2007 சித்திரையில் சுகன்யாவுக்கு மறுபடி ஒரு இடம் வந்தது. பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருந்த தமிழழகன்தான் மாப்பிள்ளை. இதுவும் உடைந்தால் இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று வேணி பயந்தார். "நீங்க கொல்லப்பக்கம் இருந்துக்கங்க. எங்கண்ணன் முன்னால நிக்கட்டும்."

"அப்பாதான் முன்னால நிப்பாரு. அதப் பாத்துட்டு வேணாங்கறவங்க எனக்கும் வேணாம்" என்றாள் சுகன்யா.

பதினோரு பேர் வந்தார்கள். குழந்தைவேல் பட்டறையை மூடிவிட்டு வாசலில் நின்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா செல்லமுத்து பழைய கதையைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமலே கேட்டார்: "என்னங்க, வந்தவங்கள வாங்கன்னு கேக்க மாட்டீங்களாமே?"

குழந்தைவேல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார்: "வராதுங்க. எனக்கு ஆட்டிசம், பொறந்ததுலேருந்தே. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல. ஃபேனுக்குக் கீழ ஆறு நாற்காலி போட்டிருக்கேன், சொவத்தோரம் அஞ்சு. வெயில்ல வந்திருக்கீங்க, பெரியவங்க ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க. மோரு இருக்கு."

செல்லமுத்து நாற்காலிகளை எண்ணிப் பார்த்தார். பதினொன்று. செருப்பைக் கழற்றிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மோரை வாங்கிக் குடித்தார். "வாயார வாங்கன்னு சொன்னவன் வூட்ல எல்லாம் நான் நின்னுட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார். கூட்டம் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் குழந்தைவேல் கேட்டார்: "ஒங்க மோட்டாரு எத்தன எச்.பி.?"

உள்ளே வேணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏழரை. போன வாரந்தான் எரிஞ்சு கெடக்கு" என்றார் செல்லமுத்து.

"கொண்டாங்க."

நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது மோட்டார் மறுநாள் டிராக்டரில் வந்து இறங்கியது. கல்யாணம் வைகாசி இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கப்போவது குழந்தைவேலும் காசிநாதனும்.